அடைப்பு என்று சொல்லி வைத்தது

பனியனில் இருந்த கறையை முதலில் பார்த்தது மருமகள். துவைக்கிறவள் கண்ணுக்குத்தானே தெரியும். மாமனாரின் எந்தப் பனியனை எடுத்தாலும் இடது மார்பில் அதே இடத்தில் துருப்பிடித்த மாதிரி ஒரு பொட்டு. தேய்த்தால் போகும், மறு துவைப்புக்குத் திரும்ப வந்து நிற்கும். கடைசியில் ஒன்றைத் துவைக்காமலே கொண்டுவந்து கணவன் கையில் கொடுத்தாள்.

கணவனுக்குக் கடைகளுக்கு ஷட்டர் மாட்டுகிற வேலை. ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, எல்லோருக்கும் அவன் "ஷட்டர்"தான். பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே கும்பிடு போட்டுவிட்டு ஏணியைத் தூக்கியவன். வாய் அதிகம் கிடையாது. கடை திறக்க முடியாத ஆத்திரத்தில் முதலாளிகள் கன்னாபின்னாவென்று கத்துவார்கள். இவன் பாட்டுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருப்பான். இவனுக்குக் காது இருக்கிறதா இல்லையா என்று உதவிக்கு வந்தவனிடம் கேட்டவர்கள் உண்டு.

அவனுடைய அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். வேலையை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, மிடுக்கு மட்டும் விடவில்லை. மேலே துணியில்லாமல் வாசலில் நின்று தெருவை ஒரு பார்வை பார்ப்பதில் அவருக்கு ஒரு தனி சுகம். அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்ச காலமாகப் பனியனைக் கழற்றுவதே இல்லை என்பது, அந்தக் கறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் மகனுக்கு உறைத்தது.

போய்க் கேட்டான். பெரியவர் அசரவில்லை. காய்ப்புடா என்றார். தோளில் இல்லையா, முழங்கையில் இல்லையா, மூட்டையை அணைத்துத் தூக்கித் தூக்கி மாரிலும் காய்த்துப்போச்சு, அவ்வளவுதான். காய்ப்பில் ரத்தம் கசியுமா என்று கேட்டதற்குப் பழைய காய்ப்பு கசியும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்குப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

மகன் பேப்பரைத் தள்ளிவிட்டுப் பனியனுக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தான். காய்ப்பு தோலோடு இருக்கும். இது தோலுக்கு உள்ளே இருந்தது. மறை கழன்று உள்ளே விழுந்த நட்டு மாதிரி, கெட்டியாக, நகராமல்.

தெருமுனை டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஆம்பளைக்கும் மார்பில் புற்றுநோய் வரும், ரொம்ப அபூர்வம், ஆனால் வரும், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் பெரியவர் பைக்கில் ஏறவில்லை. சுவரோரம் நின்றுகொண்டார்.

"நான் வர்றேன். ஆனா ஒரு குஞ்சு குருமானுக்குத் தெரியக்கூடாது. உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுபோச்சு, போகட்டும். உன் தங்கச்சிகிட்ட மூச்சு விடாதே."

"கேட்டா என்னன்னு சொல்றது?"

"ரத்தக்குழாய்ல அடைப்புன்னு சொல்லு. அது கௌரவமான வியாதி."

மகன் தலையாட்டினான். அவரை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோக வேறு வழி தெரியவில்லை.

அடைப்புச் செய்தி சாயங்காலத்துக்குள் தெருவைச் சுற்றி வந்துவிட்டது. அதற்கப்புறம் பெரியவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் யாராவது ஓடிவந்து பிடுங்கினார்கள். டீக்கடையில் சர்க்கரையைக் குறைத்தார்கள். இதய ஆபரேஷன் பண்ணிக்கொண்ட பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்து சட்டையைத் திறந்து தையலைக் காட்டி, எதற்கும் பயப்படாதே அண்ணே என்று ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனான். பெரியவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தங்கை தினமும் போன் போட்டு எண்ணெயைக் குறை, மாடி ஏறாதே என்று உயிரை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மார்பகப் பிரிவின் கதவைத் திறந்தால் உள்ளே பூராவும் பெண்கள். சுவரில் பெண்கள் படம், பெஞ்சில் பெண்கள், கவுண்டரில் பெண்கள். பெரியவர் வாசலிலேயே பின்வாங்கினார். மகன் முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் ஓரத்தில் உட்காரவைத்தான். நர்ஸ் வந்து நோயாளி எங்கே என்று கேட்டாள். மகன் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டு, வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டைக் காட்டினார்.

பக்கத்தில் தலையில் துணி சுற்றிய ஒரு அம்மா, வீட்டுக்காரம்மாவுக்கா என்று கேட்டார். பெரியவர் ஆமாம் என்கிற மாதிரி தலையை அசைத்தார்.

"அவங்களுக்குத் தைரியம் சொல்லுங்க ஐயா. நீங்க முதல்ல மயங்கி விழாம இருங்க. இங்க விழறது பூரா கூட வர்ற ஆம்பளைங்கதான்."

மகனின் அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. செத்துப்போன அம்மாவுக்கு யாரோ ஒரு அம்மா ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்ததை, தண்ணீர் சுத்தப்படுத்தும் பெட்டியில் எரிந்த சின்ன பச்சை விளக்கைப் பார்த்தபடி அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. நர்ஸ் ஃபைலோடு திரும்பி வந்து, ஐயா, நீங்கதானா அது, என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அந்த அம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்காருங்க ஐயா என்று இடம் விட்டார்.

மெஷினில் வைத்துப் படம் எடுத்தார்கள். இல்லாத சதையைப் பிடித்து இழுத்து நசுக்குகிறார்கள், கதவிடுக்கில் கையைக் கொடுத்த மாதிரி இருந்தது என்றார் பெரியவர். அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் உள்ளேயிருந்து துளி சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம் என்றார் டாக்டர். அந்த டாக்டரம்மாவுக்கு அவசரமில்லாத பேச்சு. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று. இல்லை என்றார் பெரியவர்.

"பொண்ணுங்க இருக்காங்களா உங்களுக்கு? முடிவு அதுதான்னு வந்தா அவங்களையும் பாக்கணும். ரத்த வழியா வர வாய்ப்பு இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சா ஒண்ணும் பெரிசில்ல."

"பொண்ணு இல்லம்மா. இவன் ஒரே பையன்."

டாக்டர் மகனைப் பார்த்தார். மகன் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தான். அவனுக்குள்ளே ஒருவன், இருக்கிறாள் டாக்டர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாய் அசையவில்லை. டாக்டர் எழுதி முடித்துவிட்டார்.

வழியில் பைக்கை நிறுத்தி, ஏன்பா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் தோளில் வைத்திருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் பூராவும் அவன் வேலைக்குப் போனான். மருந்துக்கடை ஒன்றின் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு, கஸ்டமர்கள் குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மேலே குழாயைச் சுற்றியிருக்கிற ஸ்பிரிங் முறுக்கேறிய சாமான், கை தவறினால் விரலைக் கொண்டுபோய்விடும். அதை அவன் பயமில்லாமல் முறுக்கினான். தைரியம் வந்து செய்யவில்லை. விரல் போனால் போகட்டும் என்றும் நினைக்கவில்லை. ஒன்றும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். முதலாளி கீழே நின்று திட்டியது எங்கோ ரேடியோ பாடுகிற மாதிரி கேட்டது. அப்பாமேல் கோபப்பட்டுப் பார்த்தான், கோபம் வரவில்லை. தங்கையை நினைத்துப் பயப்பட்டுப் பார்த்தான், அதுவும் வரவில்லை. பசியும் வரவில்லை. வீட்டில் மனைவி, உங்கள் தங்கையிடம் சொல்லிவிடுங்களேன் என்று கேட்டபோது, முடிவு வரட்டும் என்றான். வந்தால் சொல்வீர்களா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, பார்த்தாள்.

முடிவு வாங்கப் போகிற நாளுக்கு முந்தின மத்தியானம் தங்கை வந்து நின்றாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள், அது அதிசயம். உள்ளே நுழையும்போதே, அண்ணி, எண்ணெய் டப்பாவை ஒளித்து வைத்தீர்களா இல்லையா என்று ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். கோடு கோடாக ஏறி இறங்கும் இதயப் படம். ஜெராக்ஸ் கடைக்காரி ஆயிற்றே, பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் பண்ணியே கொண்டுவந்திருந்தாள்.

"அப்பனுக்கு அடைப்புன்னா பிள்ளைங்களும் பாத்துக்கணும்னு சொன்னாங்கப்பா. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. இன்னிக்குப் போய் எடுத்துட்டேன். சுத்தமா இருக்காம். இனிமே ஒரு பயமும் இல்ல. அண்ணா, நீயும் போய் எடு, மரம் மாதிரி நிக்காதே."

பெரியவர் அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்து அதை நேராகத் திருப்பி வைத்தாள். அவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வையா, சொல்லிவிடு என்கிற பார்வையா என்று மகனுக்குப் பிடிபடவில்லை. பிடிபடும்வரை காத்திருந்தால் ஆயுசு போய்விடும் என்று மட்டும் தெரிந்தது.

"அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

தங்கை சிரிப்பை நிறுத்தினாள். பெரியவர் தாளைக் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனியனைத் தூக்கினார். ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி இருந்தது, சுற்றிலும் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. ஒரு காலத்தில் ஊருக்கே காட்டிய மார்பைப் பெற்ற பெண்ணுக்குக் காட்ட அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அடைப்பு இல்லம்மா. கட்டி. பொம்பளைங்களுக்கு வர்றது. நாளைக்குத்தான் தெரியும். அதுதான்னா உன்னையும் பாக்கணுமாம்."

அவள் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"என் கூடப்பிறந்தவ, உங்க அத்தைக்கும் இதேதான். வயித்து வலின்னு உங்களுக்குச் சொன்னதெல்லாம் சும்மா. கடைசி வரைக்கும் துணியை வெச்சு மூடிக்கிட்டே இருந்தா."

இது மகனுக்கும் புதுசு. அத்தை வயிற்று வலியில் போனாள் என்றுதான் இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அடைப்புதான் கௌரவமான வியாதி என்று அதைச் சொல்லச் சொன்னதையும், டாக்டரிடம் எனக்குப் பெண்ணே இல்லை என்று சொன்னதையும் பெரியவர் தானாகவே சொன்னார். அவளை அங்கே கூப்பிட்டு உட்காரவைத்தால் உண்மையாகிவிடும் என்று தோன்றியதாம். காரணம் என்று கேட்டால் அவரிடம் அவ்வளவுதான் இருந்தது.

தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. கட்டிலில் கிடந்த தாளை எடுத்து முரட்டுத்தனமாகப் பையில் திணித்தாள், உறை மடங்கியது. அப்பாவின் பனியனைக் கீழே இழுத்துவிட்டாள். பொத்தானைப் போடத் தொடங்கி, ஒன்று தள்ளிப் போட்டு, மறுபடி கழற்றிப் போட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

"நீ வர வேண்டாம்மா."

"நான் உனக்காக வரல."

பெரியவர், அங்கே பூராவும் பொம்பளைங்கதான் இருப்பாங்க என்று, அவளைத் தடுக்கக் கடைசிச் சாக்கு போலச் சொன்னார்.

"நான் யாருப்பா?" என்றாள் அவள்.

சமையலறை வாசலில் நின்ற மருமகள் உள்ளே போய்விட்டாள். பைக்கில் மூன்று பேர் போக முடியாது, நீ அப்பாவோடு ஆட்டோவில் வா, நான் பின்னால் வருகிறேன் என்றான் மகன். ஆட்டோக்காரன் மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டுவான், ஊசி போட்ட இடம் குலுங்கும், கால் டாக்ஸி சொல் என்றாள் தங்கை. டாக்ஸி எதற்கு, நான் என்ன பிள்ளைத்தாச்சியா என்றார் பெரியவர். நீ வாயை மூடு, உன் கௌரவமான வியாதிக்கு டாக்ஸிதான் பொருத்தம் என்றாள் அவள்.

மகன் அவர்களை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனான். மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வான் என்று திரும்பினாள்.

"பசிக்குது, சாப்பாடு போடு," என்றான்.