நானே டைப் அடித்த நற்சான்று

அக்கா மகள் நேற்று செல்போனை நீட்டினாள். கல்லூரி ஆசிரியர் வேலைக்காக அவளுடைய பேராசிரியர் எழுதிய சிபாரிசுக் கடிதம். "எம்புட்டுப் பாசமா எழுதியிருக்காரு பாருங்க சித்தி" என்றாள். வாங்கிப் படித்தேன். அமைதியானவர், கனிவானவர், சொன்ன வேலையைத் தட்டாமல் செய்பவர் என்று அவளைப் பற்றி எழுதியிருந்தது. மூன்றாவது வரியிலேயே நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன். எங்கிருந்தோ பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது.

அது எண்பதுகளின் கடைசியில் பழகிய வாடை. ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறைகள் உண்டு. எங்கள் வீடு இருந்த மடவார் வளாகத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், அந்தக் கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்து வந்து சோதிப்பதுதான் எம்.எஸ்.சி.யில் என் ஆய்வு. சேலை பொட்டுப் பொட்டாக வெளுத்துப் போகும். அதையே பெருமையாகக் கட்டிக்கொண்டு திரிந்தேன் என்றால் சிரிக்காதீர்கள். உடன் படித்த செல்வின் நல்ல பையன். பாட்டில் தூக்க வருவான், கணக்குப் போடும்போது தூங்கிவிடுவான்.

படிப்பு முடிந்ததும் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியலுக்கு ஒரே ஓர் ஆசிரியர் இடம் வந்தது. அந்த இடத்துக்காக நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சமல்ல. செல்வினும் மனுப் போட்டான். சிபாரிசு கேட்டு இருவரும் எங்கள் துறைத்தலைவரிடம் போனோம்.

"உனக்கு டைப் தெரியும்லம்மா, செத்த நேரம் உக்காந்து ரெண்டையும் நீயே அடிச்சிரு" என்றார். பெண் பிள்ளைகள் எல்லாம் டைப் கிளாஸ் போய்வந்த காலம் அது.

முதலில் செல்வினுக்குச் சொன்னார். கூர்மையான ஆராய்ச்சியாளன், கழிவுநீர் ஆய்வில் முன்னின்றவன். அடித்தேன். அடுத்தது எனக்கு. அடக்கமான பெண், நல்ல குடும்பம், பிழையில்லாமல் டைப் அடிப்பவர். ஒவ்வொரு வரி ஏறும்போதும் வேலை கையைவிட்டுப் போவது தெரிந்துகொண்டே இருந்தது.

"சார், அந்தத் தண்ணி ஆய்வு நான்தான செஞ்சேன்?"

"அது அந்தப் பையனுக்கு ஒதவும்மா. உன்னப் பத்தி ஒரு கொறை சொல்லியிருக்கனா?"

சொல்லவில்லைதான். வாஞ்சையோடுதான் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பயம் வந்ததே அந்த வாஞ்சையைப் பார்த்துத்தான். கார்பன் நகலைப் படித்த அப்பா, "பொண்ணு பாக்க வாரவியகிட்ட இதக் காட்டலாம்போல" என்று பூரித்துப்போனார்.

நேர்காணலில் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். பிறகு தலைமையில் இருந்தவர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "ஆபீஸ்ல டைப்பிஸ்ட் எடம் ஒண்ணு காலியா கெடக்கும்மா. ஒங்க சாரே அம்புட்டுப் பாராட்டி எழுதியிருக்காரே" என்றார்.

வீட்டு நிலைமை, சேர்ந்துவிட்டேன். செல்வினின் வினாத்தாள்களை நகலெடுக்கப் பல வருடம் டைப்ரைட்டரில் ஸ்டென்சில் வெட்டியது நான்தான்.

இன்று அந்த டைப்ரைட்டர் இல்லை, ஸ்டென்சில் இல்லை, சாரும் இல்லை. தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் முறையை நேற்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"நீ செஞ்ச ஆய்வப் பத்தி ஒரு வரிகூட இல்லையேட்டி. போய் மாத்தி எழுதித் தரச் சொல்லு" என்றேன் அக்கா மகளிடம்.

"காலையிலயே அந்தக் காலேஜுக்கு அனுப்பிட்டாரு சித்தி" என்றாள். "நல்லாத்தான எழுதியிருக்காரு?"