ஞாயிற்றுக்கிழமை லாரி

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடக்கூடாது. சட்டமே அப்படி. ஜெர்மனியின் காசல் நகரில், என் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆட்டோபான் தெரியும். வாரமெல்லாம் லாரிகள் வரிசை கட்டும் அந்த நெடுஞ்சாலை ஞாயிறன்று வெறும் கார்களோடு மொட்டையாகக் கிடக்கும். நாமக்கல்லில் பிறந்தவனுக்கு ஆறு வருடமாகியும் அது பழகவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப முட்ட லோடெல்லாம் என்னாவறது சாமி?" என்று பதறினார். முப்பது வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணில் இறங்கியதும், இனி வண்டியே எடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு மனுசன் பாதியாகிப் போனார்.

அதனால்தான் போன முறை ஊருக்குப் போனபோது ஒரு கம்ப்யூட்டர், பெரிய திரை, அதில் பூட்டும் ஸ்டீயரிங் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். ஐரோப்பியச் சாலைகளில் லாரி ஓட்டும் விளையாட்டு. ஆளுக்கொரு லாரியில், இணையம் வழியாக இருவரும் ஒரே சாலையில் போகலாம். முதல் நாள் மேசைக் காலுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். தலைகீழாக நின்றாலும் வண்டியை எடுக்க மாட்டார். ஆறுக்கு மேல்தான், அதாவது இங்கே கோடையில் பகல் இரண்டரைக்கு. நேரில் இருந்தபோது பத்து வார்த்தை பேசாத நாங்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஹெட்போனில் பேசித் தீர்த்தோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லித் தொலைத்தேன். ஜெர்மன் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. "செரி" என்றார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கனெக்ட் ஆகவில்லையாம். நம்புவேனா? கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு "பசிக்கில" என்கிற ஆள் அவர். போனில் கேட்டதற்கு, "என்னைய வேண்டாம்னா நேரா சொல்லிப்போடு கண்ணு, மிசின் மேல ஏன் பழியப் போடற?" என்று என் மேலேயே திருப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த ஞாயிறு ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். விளையாட்டு மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். ஃபயர்வாலைத் திறந்துவிட்டேன். என் லாரி கிளம்பத் தயாராக நின்றது. அப்பாவின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. இணைய நிறுவனத்துக்கும் போன் போட்டேன். லைன் நன்றாக இருக்கிறது என்றாள் போனை எடுத்த பெண். யாரோடு விளையாடுகிறீர்கள், மகனோடா, ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்றாள். மகன் இல்லை, அப்பா என்றேன். "ஒருவேளை அவருக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். அதையும் நாம் மதிக்க வேண்டும்" என்றாள், ரொம்ப அன்பாக. சுருக்கென்றது.

கடைசியில் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். 'இணைக்க முடியவில்லை' என்று சிவப்பில் நின்றது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் போனும் அந்த வீட்டு மோடத்தில்தான் ஓடுகிறது, ஆக லைனில் கோளாறில்லை. "அப்படி என்னதாங்கப்பா பண்ணித் தொலைச்சீங்க?" என்று கத்தியேவிட்டேன். அம்மா பதறித் திரும்பியதில் போன் கீழே சரிந்தது. அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன்.

"அம்மா, அப்படியே புடிங்க. அங்க இப்ப மணி என்னங்க?"

"ஆறே முக்கா."

"கம்ப்யூட்டர்ல ஏன் மூணே கால்னு காட்டுது?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாதான் சொன்னாள். "அவருதான் மாத்தி வெச்சாரு. பையன் அந்தூர்க்காரன் ஆவப்போறான், இனி அவன் மணிதான் நமக்கும்னு. நீ எந்திரிச்சியா, சாப்பிட்டியான்னு அதப் பாத்துப் பாத்துத்தான் உக்காந்திருக்கறாரு."

"உன்னைய யாரு கேட்டா இப்ப?" என்றார் அப்பா.

கம்ப்யூட்டரின் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் நின்றால், விளையாட்டை நடத்தும் சர்வர் ஆளைச் சந்தேகப்பட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். அதைச் சொல்லி என்ன, பெற்ற மகன் நானும் அதைத்தானே செய்தேன். வெட்கமாக இருந்தது. நேரத்தைச் சரிசெய்ய வழி சொன்னேன். "அப்ப உன்ற மணிய எங்க பாக்கறது?" என்று கேட்டுக்கொண்டேதான் மாற்றினார். பக்கத்திலேயே இன்னொரு கடிகாரம் வைத்துத் தருகிறேன் என்றேன். அவர் பெயர் பச்சையானது.

ஒரு மணி நேரம் ஓட்டினோம். அவர் முன்னால், நான் பின்னால். காசல் என்று நீலப் பலகை வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"உங்கூரு வந்துருச்சு சாமி. எறங்கிக்கிறியா, இல்ல கூட வாரியா?"

இண்டிகேட்டர் வரைக்கும் போன கை அப்படியே நின்றது. பலகையைத் தாண்டி, அவர் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஜன்னலுக்கு வெளியே, நிஜமான அந்தச் சாலையில், ஒரு லாரிகூட இல்லை.