ஸலாத்துக்குப் பதில் சொன்ன ஜின்

எங்கள் ஊரில் ஆளில்லாத வீட்டுக்குள் போனாலும் ஸலாம் சொல்லித்தான் போவோம். யாருக்கு என்று கேட்காதீர்கள், பழக்கம் அப்படி. பதில் வராது என்று எல்லோருக்கும் தெரியும். பதில் வந்துவிட்டதுதான் பிரச்சினை.

என் மூத்த காக்கா, அதாவது பெரியண்ணன், கல்முனையில் பழைய தியேட்டர் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்த நேரம் அது. யுத்த காலத்தில் படம் ஓடுவது நின்று, பிறகு நாவிதன்வெளி நெல்மூட்டைகளும் வௌவால்களும் குடியிருந்த கட்டடம். கத்தாரிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்த காக்கா, நம்முடைய பிள்ளைகள் நாடகம் போட ஒரு மேடை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் அவரும் மதினியும் முதல் படம் பார்த்தது அங்கேதான். ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில் திரைச்சீலைக்குப் பின்னால். இடைவேளையில் காக்கா கடலைச் சுருள் ஒன்று வாங்கி மேலே அனுப்பினாராம். திறப்பு விழாவன்று மதினி அதே மாடியில் வந்து உட்கார வேண்டும். மனுசனுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

மதினியோ, வீட்டுக் கூரை ஒழுகும்போது கொட்டகைக் கூரையை மாற்றுகிற புருசனை மன்னிக்கத் தயாராக இல்லை. ஒரு பெருநாள் பகல், சாப்பாட்டைச் சுற்றிக் குடும்பமே இருக்கும்போது சொல்லிவிட்டார்.

“அந்தக் கொட்டகைக்குள்ள என்ட காலும் படாது, நெழலும் படாது.”

மதினி சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்ததை எங்கள் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை.

அதற்குப் பிறகுதான் ஜின் வந்தது. வேலையாட்கள் லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தார்கள். வயரிங் செய்கிறவர் மட்டும் முதலில் திரும்பி வந்து, வாசலில் வழக்கம்போல ஸலாம் சொல்லியிருக்கிறார். மாடி இருட்டிலிருந்து பெண் குரலில், மெதுவாக, “வஅலைக்குமுஸ்ஸலாம்” என்று பதில் வந்தது. ஏணியையும் ஒரு செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குள் தேத்தண்ணிக் கடையெல்லாம் இதே கதை. கண், காது, மூக்கு வைத்தார்கள். பக்கத்து ஊர் சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேரும்போது ஜின்னுக்குப் பனை உயரம். பெரியநீலாவணையில் அது ஏணியையே தின்றிருந்தது. ஸலாத்துக்குப் பதில் சொன்னதால் முஸ்லிம் ஜின், பயமில்லை என்று ஒரு கட்சி. படக்கொட்டகையில் குடியிருக்கிறதே, அவ்வளவு நல்ல முஸ்லிமாக இருக்காது என்று இன்னொரு கட்சி. இதற்கிடையில் மாடித் திரைச்சீலையின் கிழிந்த ஓரம் ஒரு நாள் ஒழுங்காகத் தைத்துக் கிடந்தது.

“எந்த ஊர் ஜின் துணி தைக்கும், புள்ள?” என்று காக்கா என்னிடம் கேட்டார்.

“மருதமுனை ஜின்னா இரிக்கும்” என்றேன். நெசவுக்காரர்களின் ஊர் அல்லவா.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெயின்ட் அடிக்கிறவர்கள் வேலைக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்னென்னவோ பார்த்துவிட்ட ஊர், தையல் தெரிந்த ஒரு ஜின்னுக்குப் பயந்து சாகிறது.

மதினிக்கு நல்ல சாட்டுக் கிடைத்தது. காக்கா கடைசியாக ஒருதரம் கேட்டபோது, மீன் ஆய்ந்துகொண்டே, “ஜின் இரிக்கிற எடத்துக்கு நான் என்னத்துக்கு வாற?” என்றார். காக்கா எழுந்து போனார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பெயின்ட் பாதியில் நிற்க, திறப்பு விழா அஸருக்குப் பிறகு நடந்தது. ஆண்கள் கதவோரக் கதிரைகளில் இடம்பிடிக்க அடிபட்டார்கள், ஓட வசதியாம். பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்களே தவிர, ஒருத்தியும் மாடிக்கு ஏறவில்லை. எரிச்சலில் நானே ஏறினேன். ஏறும்போது வாய் தன்பாட்டில் ஸலாம் சொல்லிவிட்டது.

“வஅலைக்குமுஸ்ஸலாம்.”

என் கால் இரண்டும் படியோடு ஒட்டிக்கொண்டன. திரைச்சீலை கொஞ்சம் விலகியது. பின்னால் கடைசிக் கதிரையில், கால்களை மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு, மதினி!

“கத்தாத புள்ள. காக்காட்ட சொன்னா ஒன்ட நாக்க அறுப்பன்.”

“நீங்களா ஜின்?”

“ஸலாம் சொன்னா பதில் சொல்லாம இரிக்க ஏலுமா? கடமையெலுவா. பின்கதவுத் தெறப்பு வீட்டு ஆணியிலதானே தொங்குது. பகல்ல வந்து கொஞ்சம் இரிந்திட்டுப் போவன்.”

“அப்ப அவர் கூப்பிட்ட நேரம் வாறண்டு சொல்லியிருக்கலாமே?”

“சொன்ன சொல்லு என்னாகிற? இப்பயும் கால் எங்க பட்ட? தூக்கித்தானே வெச்சிரிக்கன்.”

மாடிக்குப் பறந்தா வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் காக்கா மேடையேறி, மைக்கைப் பிடித்து, சபைக்கு ஸலாம் சொன்னார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஜின் பதில் சொல்கிறதா என்று கேட்க, மண்டபம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. காக்கா மைக்கும் கையுமாக நின்றார். மதினி என் கையைப் பிடித்து நெரித்தார். ஒரு கூட்டத்தில் ஒருவராவது பதில் சொல்லாவிட்டால் அத்தனை பேருக்கும் பாவம்.

“ஆராச்சும் சொல்லுங்களன்” என்று முணுமுணுத்தார். யாரும் சொல்லவில்லை. மேடையில் காக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“வஅலைக்குமுஸ்ஸலாம்!”

இந்தத் தடவை மெதுவாக இல்லை. தெருமுனையில் நிற்கிற காக்காவைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற அதே குரல்.

கீழே கதிரைகள் சரிந்தன. பாதிச் சனம் வாசலுக்குப் பாய்ந்தது. வயரிங்காரர் இந்தமுறை இரண்டு செருப்பையும் விட்டுவிட்டுப் போனார். காக்கா மட்டும் அசையவில்லை. எழுதிக் கொண்டுவந்த பேச்சை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கடலை அனுப்பவா?” என்று மைக்கிலேயே கேட்டார்.

மதினி காலைக் கீழே ஊன்றி எழும்பினார். திரைச்சீலையை முழுசாக விலக்கினார்.

“ஓம். உப்பில்லாம அனுப்புங்க. எனக்கு இப்ப பிரஷர்.”