சிப்பின் மேல் வைத்த விரல்

என் கணவரின் தம்பிக்கு வீட்டில் 'அறுபது' என்று பெயர். நாங்கள் கேலிக்கு வைத்தது. அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துவார். ஆளின் புத்தி அவ்வளவுதான்.

அவர் வேலை இது. கைபேசிக்குள் இருக்கிற சிப்பில், நம் பேச்சை டவர் வரைக்கும் உரக்கத் தள்ளிவிட ஒரு பகுதி உண்டு. பவர் ஆம்ப்ளிஃபயர் என்பார்கள். பேட்டரியை அதிகம் குடிப்பது அதுதான். கொடுத்த மின்சாரத்தில் கொஞ்சம் அலையாக வெளியே போகும், மிச்சம் சூடாகி வீண். நூறு பங்கில் அறுபதை அலையாக்கிக் காட்டுகிறேன் என்று இவர் கிளம்பினார். சாப்பாட்டு மேசையில் அறுபது, கல்யாண வீட்டில் அறுபது, சாவு வீட்டிலும் அறுபது. நான் கண்ணை மூடி ஜபத்தில் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி, என் சிப்பு சூடே ஆகாது. கன்னத்துல வெச்சுக்கலாம்," என்பார். ஆண்டவனும் கேட்டுத் தொலைத்திருப்பான், பாவம்.

அவர் மனைவி, என் ஓரகத்தி, அதே கம்பெனியில் அளவு எடுக்கிறவள். சிப்பைச் சின்னப் பலகையில் பொருத்தி, மின்சாரம் கொடுத்து, திரையைப் பார்த்து அவள் சரி என்றால்தான் அது லட்சக்கணக்கில் தயாராகப் போகும். அவள் சரி என்று சொன்ன எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அவளுக்கு இருக்கிற சொத்து அந்த வாக்குதான்.

இந்தச் சிப்பை மட்டும் முதலில் தானே அளந்து பார்க்கிறேன் என்று அவர் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் வலது கை ஆள்காட்டி விரலில் கொப்புளத்தோடு வந்தார். இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டதாம். இஸ்திரிப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாத மனுஷர். நான் மருந்து போட்டுவிட்டேன். ஓரகத்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சிப் அவள் கைக்கு வந்தது. அவள் அளந்தால் திரையில் எந்த அளவும் நிலையாக நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள். ஆம்ப்ளிஃபயரை அடக்கி வைக்க உள்ளே ரெசிஸ்டர் என்று ஒரு சின்னத் தடை இருக்க வேண்டுமாம். அது கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும். அறுபது வர வேண்டுமே என்று இவர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அதனால் சிப் தன்பாட்டுக்குக் கத்துகிறது. பிரார்த்தனைக் கூடத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ஊளையிடுமே, அந்த மாதிரி. சிப்பின் மூலையில் விரலை வைத்து அழுத்தினால் மட்டும் அடங்குகிறது. அந்த மேதாவி அளந்த நேரமெல்லாம் விரலை வைத்துக்கொண்டே நின்றிருக்கிறார். கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற சிப் விரலைப் பொசுக்கிவிட்டது.

"போன் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் உங்க விரலை வெட்டிக் குடுப்பீங்களான்னு கேட்டேன்க்கா," என்றாள். சிரிக்கவில்லை.

அதற்கு அவர், இந்தத் தடவை சரி என்று சொல்லிவிடு, அடுத்ததில் திருத்திக்கொள்கிறேன், நான் உனக்கு யார் என்று கேட்டாராம். விரல் போதாது என்று பெண்டாட்டியின் வாக்கையும் அதன்மேல் வைத்து அழுத்தப் பார்த்தார்.

"இப்போ பொய் சொல்லிட்டா, நாளைக்கு நான் சொல்ற எந்த அளவை யாரு நம்புவாக்கா?" என்றாள். முதலாளி பார்க்க வருவதற்குள் நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சொல்லவில்லை. முதலாளி வருகிற அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

முதலாளி வந்தார். இவர் பலகைப் பக்கம் சாய்ந்த மாதிரி நின்று, விரலை வைத்துக்கொண்டார். திரையில் ஒற்றைக் கோடு, பக்கத்தில் அறுபது. முதலாளி முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார். இவர் இடது கையை நீட்டினார்.

ஓரகத்தி மெதுவாகச் சொன்னாள்: "வலது கையைக் குடுங்க. பெரியவங்க கை நீட்டினா இடது கையா குடுக்குறது?"

வேறு வழியில்லை, எடுத்தார். திரையில் ஒற்றைக் கோடாக நின்றது புதர் மாதிரி மண்டிவிட்டது. டேபிள் ஆடிவிட்டது சார் என்றார். முதலாளி டேபிளைப் பார்த்தார். அது சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியது.

"நீங்க சொல்லுங்கம்மா, இது சரியா?"

"இல்ல சார். இவர் விரலை வெச்சாத்தான் நிக்குது."

பிடுங்கிப் போட்ட தடையைத் திரும்ப உள்ளே வைத்தார்கள். ஐம்பத்து நாலு வந்தது. யாரும் தொடாமலே நின்றது. ஓரகத்தி சரி என்றாள், சிப் தயாரிப்புக்குப் போய்விட்டது. அவர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் அதை விடுமுறை என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது, அந்தத் தடையை வைக்கச் சொன்னதே நான்தான் என்று சாப்பாட்டு மேசையில் அளக்கிறார். விரலில் தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால் இஸ்திரிப் பெட்டி என்கிறார். அவருக்காகவும் நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். எல்லோருக்கும் வேண்டி முடித்து, எழுந்திருக்கப் போகிற நேரத்தில்.