அல்சர் என்று சொன்னார்கள்

மன்னூபியாவின் பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பாப் சுயீக்கா பேட்டையின் பொதுக் குளியல் கூடமான ஹம்மாமில், பெண்களுக்கான பிற்பகல்களில், அவளும் நானும் பல வருஷமாகக் கூலிக்கு முதுகு தேய்த்தோம். "மார்ல இந்தக் கட்டி எத்தனை நாளா இருக்கு? நாளைக்கே டாக்டர்ட்ட போ. போகலைன்னா உன் முதுகை இனிமே தொடமாட்டேன்" என்று எந்தச் சீமாட்டியிடமும் சொல்லிவிடுவாள். அப்படித் திட்டு வாங்கி உயிர் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவளிடம் போய்த்தான் எல்லோரும் சேர்ந்து பொய் சொன்னார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

போன குளிர்காலத்தில் அவளுக்கு வயிற்றுவலி. ஹரிஸா மிளகாய் விழுதை அள்ளி அள்ளித் தின்றால் வேறென்ன ஆகும் என்று நானும் கேலி செய்தேன். ஒரு நாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தமாக வாந்தியெடுத்துச் சுருண்டாள். ஆஸ்பத்திரியில் இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்தார்கள்.

"அல்சர்தான், எடுத்தாச்சு" என்றான் அவளுடைய ஒரே மகன் ஹாத்தெம். அவள் நம்பினாள். நானும் நம்பினேன். என் வாயும் அவள் வாய் மாதிரிதான் என்பதால் என்னிடமும் மறைத்திருக்கிறான். தையல் காய்ந்ததும் அவள் வேலைக்கு வந்துவிட்டாள்.

ஆனால் அவன் மறைத்ததை மருமகள் பக்கத்து வீட்டுக்காரி காதில் ஓதியிருக்கிறாள். தேய்ப்பு போதாது என்று வாராவாரம் சண்டை போடும் துராயா, ஒரு நாள் வாயே திறக்காமல் முதுகைக் காட்டினாள். போகும்போது மன்னூபியாவின் நெற்றியில் முத்தம் வேறு.

"என்னடி பெய்யா, ஆளாளுக்கு முத்தம் குடுக்கறாளுங்க. நான் செத்துட்டேனா?"

"ஆபரேஷன் பண்ணின உடம்பாச்சேன்னு பாவம் பாக்கறாங்கடி."

"துராயாவா? பெத்த தாய்க்கே பாவம் பாக்காதவ! கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

அவளுக்கு வைத்தியம் பார்த்த இளம் டாக்டர் எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "மகனைக் கூட்டிட்டு வாங்கம்மா."

"வயிறு என்னோடதா, அவனோடதா?"

பிறகுதான் சொன்னார். "புற்றுநோய்மா. ராப்டாய்ட்னு ஒரு வகை. ரொம்ப அபூர்வம், ரொம்ப வேகமா பரவும்."

பெயரைக் கேட்டால் பிரெஞ்சு பிஸ்கட் மாதிரி இருந்தது. மன்னூபியா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மருந்து?"

"ஊசி மருந்து போட்டுப் பாக்கலாம்னு அப்பவே சொன்னேன். கேக்கும்னு உறுதி இல்லை. ஆனா உங்க மகன் வேண்டாம்னுட்டார். முடி கொட்டினா உங்களுக்குத் தெரிஞ்சிடுமாம்."

"இப்ப போடுங்க."

"கல்லீரலுக்குப் போயிடுச்சும்மா. உடம்பு தாங்காது."

எங்களவர்கள் அந்த நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'அது' என்பார்கள். பெயரைச் சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடுமாம். வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் என்ன மரியாதை அதற்கு? பயம் பிள்ளைக்கு, சாவு தாய்க்கு. அந்த டாக்டரும் படித்தவர்தானே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் இல்லையா?

வீட்டில் ஹாத்தெம் காலில் விழுந்தான். "அம்மா, நீ மனசொடிஞ்சு போயிடுவேன்னுதான்..."

அவள் தலைத்துணியை உருவினாள். மருதாணிச் சிவப்பேறிய முடியைக் கொத்தாகப் பிடித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்காகவாடா? கேட்டிருந்தா நானே மொட்டையடிச்சுக்கிட்டு ஊசிக்கு வந்து உக்காந்திருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டியாடா?"

அவன் அழுதான். அவள் தேற்றவில்லை. நன்றாக அழட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

கோடை முடியுமுன் போய்விட்டாள். கடைசிக் குளியலை நான்தான் செய்வித்தேன். வெளியே ஹாத்தெம், துக்கத்துக்கு வந்தவர்களிடம் அல்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எனக்குக் கேட்டது. ஆத்திரத்தோடே அவள் தலையைக் கழுவினேன். முறைப்படி மூன்று பின்னலாகப் பின்னினேன். ஒரு முடிகூட உதிரவில்லை.