லட்சுமணசாமி லேத்துக்குப் பெயின்ட் அடித்த கதை

சூலூரில் எங்கள் தெருவுக்குள் வந்து லேத்துக்காரர் வீடு எது என்று கேட்டால், முன்பெல்லாம் எல்லோரும் லட்சுமணசாமி வீட்டைத்தான் காட்டுவார்கள். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் வாங்காத கார் ஷெட்டில், இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற ஒரு பழைய லேத்தைப் போட்டு, பம்புசெட் ஷாப்ட், கிரைண்டர் புஷ் என்று எதைக் கொண்டுபோனாலும் கடைந்து கொடுப்பார். செய்த வேலையை நாலு பேர் மெச்ச வேண்டும். மெச்சாவிட்டால் அவராகவே கேட்டு வாங்கிக்கொள்வார்.

அந்தப் பெருமைக்குக் கேடு வந்தது ஜபருல்லாவால். அதே மில்லில் அதே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், அடுத்த தெரு. அவர் வீட்டிலும் ஒரு லேத்து உண்டு. அதை ஒரு லேத்து என்றே லட்சுமணசாமி மதித்ததில்லை. போன வருஷம் ஜபருல்லா அதற்கு மோட்டாரை மாற்றினார். குமிழைத் திருகினால் வேகம் கூடிக் குறைகிற டிரைவ் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, கடைகிற டூல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைச் சிவப்பு எண்களில் காட்டும் டிஸ்ப்ளே ஒன்றை மாட்டினார். அவ்வளவுதான், ஊரே அங்கே போய் நின்றது. வேலை இருக்கிறவன் போனான், இல்லாதவன் வேடிக்கை பார்க்கப் போனான்.

ஊர் போனதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் அவர் மனைவி கனகமும் போனாள்.

"கிரைண்டர் புஷ் தேஞ்சு கடகடன்னு ஆடுச்சுங்க. பாய் ஊட்ல குடுத்து மாத்திப்போட்டேன். இப்ப சத்தமே இல்லீங்க," என்றாள், மாவை வழித்துக்கொண்டே.

"ஏன், நானென்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க நாளைக்கு நாளைக்குன்னீங்க. அவரு நின்ன நெலையிலயே முடிச்சுக் குடுத்துட்டாருங்க. நம்பரு பளபளன்னு என்னமா ஓடுதுங்கறீங்க!"

அந்த மாவில் சுட்ட இட்லி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சொந்தப் பெண்டாட்டி, சொந்தக் கிரைண்டர், மாற்றான் லேத்து! பொறாமை என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் அது பொறாமைதான், அசல் பொறாமை. ஜபருல்லா நல்ல மனுஷர் என்பதால், வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை.

முடிவெடுத்தார். ஆயுத பூஜைக்குள் தன் லேத்து அதைத் தூக்கிச் சாப்பிட வேண்டும். ஜபருல்லா வந்து பார்க்க வேண்டும், பார்த்து வயிறெரிய வேண்டும். பெரிய மோட்டார் வந்தது. டிரைவ் வந்தது. டிஸ்ப்ளேயும் வந்தது, பாயுடையதைவிட அகலமாக. கோயமுத்தூருக்கு பஸ்ஸில் அலைந்து ஒவ்வொன்றாக வாங்கிவந்து, ஷெட்டைச் சாத்திக்கொண்டு மாட்டினார். ஒரு சந்தேகம்கூட ஜபருல்லாவிடம் கேட்கவில்லை. கேட்பாரா?

கடைசியில் பெயின்ட். ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்துப் பெயின்ட் அடிப்பது இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான். இவர் அதோடு விடவில்லை. சொட்டை, பள்ளம் ஒன்றுவிடாமல் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பச்சைப் பெயின்ட் அடித்தார். சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார். பூஜையன்று மிஷினை ஓட்டக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் முதல் வேலை என்று ஜபருல்லாவை நேரில் போய் அழைத்துவிட்டு வந்தார்.

ஜபருல்லா வந்து லேத்தைச் சுற்றிப் பார்த்தார். "அடேங்கப்பா! கல்யாண மாப்பிள்ளையாட்ட இருக்குதுங்க நாயுடு," என்றார். அந்தக் குரலில் கொஞ்சமாவது பொறாமை தெரிகிறதா என்று லட்சுமணசாமி உன்னிப்பாகக் கேட்டார். இல்லை. எரிச்சலாக வந்தது. சுவிட்சைப் போட்டுக் குமிழைத் திருகினார். ஜபருல்லா லேத்து ஓடுகிற வேகத்தைத் தாண்டியும் திருகினார்.

"போதுமுங்க, அது பழைய புஷ்ஷுங்க," என்றார் ஜபருல்லா.

"உங்களுது தாங்காதுன்னா எங்களுதும் தாங்காதுங்களா?"

தாங்கவில்லை. முதலில் கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு புகை, பிறகு லேத்து நின்றே போனது. சுழலும் தண்டைத் தாங்குகிற, கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் செய்த புஷ் சூடேறி அதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. சூடு ஆறியதும் ஜபருல்லா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, எண்ணெ உடற ஓட்ட எங்கீங்க?"

ஓட்டை பட்டிக்குள் இருந்தது. எண்ணெய் விட்டாயா என்று மில்லில் எல்லோரையும் திட்டிக்கொண்டே காலம் தள்ளிய மனுஷர், தன் லேத்தின் எண்ணெய் ஓட்டையை அடைத்து, தேய்த்து, அதன் மேல் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். கனகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரிப்பது ஷெட்டு வரைக்கும் கேட்டது.

புது புஷ் கடைய இன்னொரு லேத்து வேண்டும். பூஜை லீவில் பட்டறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. மறுநாள் ஒரு கன்மெட்டல் துண்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, வேறு வழியில்லாமல் ஜபருல்லா வீட்டுக்கே போனார்.

"நானே கடஞ்சுக்கறேனுங்க பாய்," என்றார், முகத்தைப் பார்க்காமல். லேத்து முன்னால் நின்றதும் முதல் வேலையாக டிஸ்ப்ளேயை அணைத்தார். இவர் நம்பர் எனக்கெதற்கு என்ற வீம்பு. கைப்பிடி வளையத்தில் அளவு காட்டும் மயிரிழைக் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே கடையத் தொடங்கினார். ஜபருல்லா பக்கத்தில் நின்று, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோடெல்லாம் உங்களுக்குத் தெரியுதுங்களா நாயுடு?"

"தெரியாம என்னுங்க?"

"எனக்குத் தெரியறதில்லீங்க. சக்கரை கண்ணுல எறங்கிப்போச்சு. லேத்தையே வித்துப்போடலாம்னு இருந்தேன். அந்தப் பெரிய நம்பரு மட்டுந்தான் தெரியுது, அத வெச்சுத்தான் ஓட்டிட்டிருக்கறேன். சொல்லக்கூடாதுங்க, ஆனா உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மோட்டார், டிரைவ், பட்டி, பெயின்ட் எல்லாம். அவர் வாயாலேயே கேட்டாயிற்று. சந்தோஷம் வரும் என்று லட்சுமணசாமி காத்துப் பார்த்தார். வரவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்லியும் பழக்கமில்லை.

கையை நீட்டி டிஸ்ப்ளேயைப் போட்டார்.

"கோட்டையே பாத்துக் கழுத்து வலிக்குதுங்க பாய்," என்று பொய் சொன்னார். "நீங்க நம்பரப் படிச்சுச் சொல்லுங்க. நான் ஓட்டறேன்."

ஜபருல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.