சத்தமில்லாமல் வந்த வேன்

என்னிடம் நான்கு வேன்கள் இருக்கின்றன. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஹட்டனுக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறோம். மூன்றுக்கு டிரைவர்கள் உண்டு, நான்காவதை நானே ஓட்டுகிறேன். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன்னால் டீசல் பம்பின் அளவைக் குறைப்பதும், சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி திருகிக் கூட்டுவதும் எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலை. ஏற்றத்தில் வண்டி இழுக்க வேண்டுமே! கறுப்பாகப் புகை கக்காத வேனைச் சீக்குக்கோழி என்று கேலி செய்வார்கள்.

ஒரு நாள் பாடசாலை அதிபர் கூப்பிட்டனுப்பினார். "கேட்டுல நிக்கிற பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுது. ஒண்ணு புகைய நிறுத்துங்க, இல்லாட்டி வேன வேற எங்கயாவது நிறுத்துங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் மனிதர் சொன்னதில் பொய்யில்லை. நான்கையும் கராஜில் விட்டு ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாற்றினேன். இனிப் பம்பில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று டிரைவர்களிடம் சொன்னேன். கூடவே ஒரு சட்டமும் போட்டேன்: காத்து நிற்கும்போது எஞ்சின் ஓடக்கூடாது. குளிரில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று முனகினார்கள். புது பேட்டரி போட்டுக்கொடுத்து வாயை அடைத்தேன்.

என் வேனில் முதலில் பிள்ளைகள் ஏறும் இடம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் டிவிசன் லயத்துக்குக் கீழே ரோடு வளைகிற முடக்கு. அங்கே ஏறும் பெண்பிள்ளை ஒருத்தி பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் கணக்கில் ஒரு தடவை தோற்றுப்போய், இரண்டாம் தடவை எழுதவிருந்தாள். "இந்த வாட்டியும் போச்சுன்னா கொழும்புக்கு வீட்டு வேலைக்குத்தாண்ணே. வீடுகூடப் பாத்தாச்சு" என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். கொழுந்து பறிக்கிற பொம்பளை. சொன்னால் செய்வாள்.

சட்டம் போட்ட நாளிலிருந்து அந்த முடக்கில் ஒரு பிள்ளையும் நேரத்துக்கு வருவதில்லை. "ராத்திரி பூரா போன நோண்டுறது, காலையில குப்புறப் படுத்துத் தூங்குறது!" என்று ஏசுவேன். ஹார்ன் அடித்தும் பார்த்தேன். அந்த முடக்கில் எல்லா லொறியும்தான் ஹார்ன் அடிக்கும், யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? போன் பண்ணலாம் என்றால் அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

கணக்குப் பரீட்சை அன்று பனி அப்பிக் கிடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு விடுமுறை, அவள் ஒருத்திதான் ஏற வேண்டும். காத்திருந்தேன். வரவில்லை. கீழே மற்றத் தோட்டங்களிலும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் ரோட்டில் நிற்பார்கள். இவளுக்காக நின்றால் அவர்களுக்கும் போச்சு, இவளை விட்டுவிட்டுப் போனால் கொழும்புதான். ஹார்னை அழுத்தினேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மிதித்தேன். சேர்விஸ் செய்த எஞ்சின் பூனை மாதிரி முனகியது. இறங்கி, "ஏ புள்ள! என்னா பண்ணுற அங்க?" என்று கத்திக்கொண்டே லயத்துப் படிகளில் ஏறி ஓடினேன்.

வெள்ளைச் சீருடையோடு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வேன் வந்திருச்சா மாமா? சத்தமே கேக்கலையே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பனியில் லயத்திலிருந்து ரோடு தெரியாது. இத்தனை வருஷமும் கீழே வேன் நின்று உறுமுவதைக் கேட்டுத்தான் அடுப்படியிலிருந்து எழுந்து ஓடி வந்திருக்கிறார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

வழியில் நின்ற பிள்ளைகளையும் அள்ளிப்போட்டுக்கொண்டு வேனை விரட்டினேன். மண்டபக் கதவைச் சாத்துகிற நேரத்தில் எல்லாரும் உள்ளே போனார்கள். "முருகா!" என்று ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்தேன்.

சாயந்தரம் அவளைக் கொண்டுபோய் இறக்கியபோது அம்மா முடக்கிலேயே நின்றாள். "என்னாண்ணே, எம்புள்ள தலையில மண்ணள்ளிப் போடப் பாத்தீங்களே!"

"சரி தாயி, நாளையிலருந்து பழையபடி எஞ்சின ஓட விடுறேன். போதுமா?"

"ஐயையோ, வேணாம்! அந்தப் பொகை நேரா எங்க வீட்டுக்குள்ளதான் வரும். சின்னவனுக்கு இப்பத்தான் இழுப்பு கொறைஞ்சிருக்கு. நீங்க நிப்பாட்டியே வைங்க. புள்ளைங்கள நான் கூப்புட்டு விடுறேன்."

சொன்னபடி செய்தாள். பாடசாலை திறந்த அன்று நான் போய்ச் சேரும்போது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முடக்கில் நின்றாள். எஞ்சினை நிறுத்தியதும் லயத்தைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மலையில் கூவிப் பழகிய தொண்டை, கேட்க வேண்டுமா? அத்தனையும் தடதடவென்று இறங்கி வந்தன.

மகள் கணக்கில் பாஸாகிவிட்டாள். ஹட்டனில் தாய்மாமன் வீட்டில் தங்கி அடுத்த கட்டமான ஏ.எல். படிக்கிறாள், என் வேனில் வருவதில்லை. ஆனாலும் அம்மா தினமும் வேலைக்குப் போகும் முன் முடக்குக்கு வந்துவிடுகிறாள். எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு முடித்த வேகத்தில், சில நாள் மகளின் பெயரையும் கூப்பிட்டுவிடுவாள். பிள்ளைகள் சிரிக்கும்.

"வாய் பழகிருச்சுண்ணே" என்பாள்.

நான் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுப்பேன்.